தொற்றுநோயா, பரவும் நோயா, கொள்ளைநோயா: எந்த இடத்தில் எந்தச் சொல்?

பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை. பெற்றோருக்குச் சுற்றறிக்கை எழுத உட்கார்ந்த ஆசிரியை ஒருவர் கேட்டார்: “‘தொற்றுநோய்’ என்று போட்டால் பயந்துவிடுவார்கள். ‘பரவும் நோய்’ என்று போட்டால் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். எதைப் போடட்டும்?” சுகாதாரக் கையேடுகளை மொழிபெயர்க்கும் நண்பரின் சிக்கல் வேறு மாதிரி. மூலத்தில் மூன்று வெவ்வேறு சொற்கள்: ஒன்று நோய் தொற்றும் தன்மையைச் சொல்வது, ஒன்று ஓர் இடத்தில் நோய் திடீரென்று கூடுவதை, ஒன்று உலகெங்கும் பரவுவதை. அவர் கையில் இருந்ததோ ‘தொற்றுநோய்’ ஒன்றுதான். மூன்று இடத்திலும் அதையே போட்டு, வாசித்துப் பார்த்து, தானே குழம்பிப்போய் எனக்கு அனுப்பிவிட்டார்.

என் சித்தி கதையையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைச் சீட்டில் ‘சிறுநீர்த் தொற்று’ என்று எழுதியிருந்தது. அன்றிரவே வீட்டில் அவருடைய தட்டும் தம்ளரும் தனியாகிவிட்டன. ‘தொற்று’ என்றால் ஒட்டிக்கொள்ளும் என்றுதானே அர்த்தம்? ஆனால் சிறுநீர்ப் பாதையில் வரும் தொற்று பெரும்பாலும் அவரவர் குடலிலேயே குடியிருக்கும் கிருமி இடம் மாறிப்போய்ச் செய்யும் வேலை. தட்டு, தம்ளர் வழியாக யாருக்கும் வராது. சீட்டை எழுதியவர் தவறாக எழுதவில்லை, வீட்டில் இருந்தவர்கள் தவறாகப் படிக்கவும் இல்லை. சொல்தான் இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு நின்றது.

உண்மையில் இரண்டல்ல, மூன்று பக்கம். கிருமி உடலுக்குள் புகுந்து பெருகுவதையும் ‘தொற்று’ என்கிறோம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுவதையும் ‘தொற்று’ என்கிறோம். ஒரே நேரத்தில் ஊரில் பலருக்கு வருவதையும் ‘தொற்று’ என்கிறோம். மூன்றும் ஒன்றல்ல. ரணஜன்னியை (டெட்டனஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் கிடக்கும் கிருமியின் வித்து காயத்தின் வழியே புகுந்து வருவது அது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஒட்டாது. டெங்கு ஒரு தெருவையே படுக்க வைத்துவிடும், ஆனால் நோயாளியின் கையைப் பிடித்தால் வராது, நடுவில் ஏடிஸ் கொசு வேண்டும். தட்டம்மையில் மூன்றும் உண்டு.

## எதை வைத்து அளப்பது?

சொற்களை எடைபோடுவதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை.

- நோய் எப்படி வருகிறது என்பதை அந்தச் சொல் சரியாகக் காட்டுகிறதா, இல்லை வேறு எங்காவது கைகாட்டுகிறதா?
- எத்தனை பேருக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்ற அளவு அதில் இருக்கிறதா?
- வாசிப்பவர் வாயில் வருமா? அகராதியில் மட்டும் வாழும் சொல் அறிவிப்புப் பலகைக்கு உதவாது.
- கிளை விடுமா? வினை, எதிர்ச்சொல், நோய் வந்தவரைக் குறிக்கும் சொல் எல்லாம் அதிலிருந்து எடுக்க முடியுமா?
- நோய் வந்தவர்மேல் எதையாவது ஏற்றிவிடுகிறதா?

கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சித்தியைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி என்பார்.

## தொற்றுநோய்

‘தொற்றுதல்’ என்றால் பற்றிக்கொள்வது. ஓடும் வண்டியில் தொற்றிக்கொண்டான் என்கிறோம் அல்லவா, அதே சொல். பேச்சில் இது ‘தொத்து’ ஆகி, ‘தொத்து வியாதி’ என்று புழங்குகிறது.

இதன் பலம் கிளைகள். தொற்றியது, தொற்றும், தொற்றாது, தொற்றுநீக்கி, தொற்றுநோயியல் என்று எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். இலங்கைத் தமிழில் ‘தொற்றாளர்’ என்ற சொல் கொவிட் காலத்தில் தினச்செய்தியில் சாதாரணமாக ஓடியது. தமிழ்நாட்டில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்று சுற்றிவளைத்த இடத்தில் அங்கே ஒரே சொல்லில் முடித்தார்கள். கச்சிதமான சொல்தான், ஆனால் மனிதரையே நோயின் பெயரால் அழைக்கிறது. எண்ணிக்கை சொல்லும் வரியில் எனக்கு அது உறுத்தாது. ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘தொற்று ஏற்பட்டவர்’ என்றே எழுதுவேன்.

மறைவான செலவு, சித்தி வீட்டில் நடந்ததுதான். இன்னொன்றும் உண்டு. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றை அரசு அறிவிப்புகளில் ‘தொற்றா நோய்’ என்கிறார்கள். இலக்கணப்படி பழுதில்லை, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ‘ஓடாக் குதிரை’ மாதிரி. ஆனால் ஒலிபெருக்கியில் கேட்கும்போது ‘தொற்று நோய்’க்கும் ‘தொற்றா நோய்’க்கும் இடையே நிற்பது ஒரே ஒரு நெடில். அர்த்தமோ நேர் எதிர். காதால் கேட்கப்போகும் எதிலும் ‘தொற்றாத நோய்’ என்று முழுசாகப் போடுங்கள். ஓர் எழுத்து கூடினால் ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கே சரி: மனிதரிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களைப் பொதுவாகச் சொல்லும்போது. எங்கே வேண்டாம்: சிறுநீர்ப் பாதை, காயம், அறுவைசிகிச்சை செய்த இடம் ஆகியவற்றில் வரும் கிருமிப் பெருக்கத்தைப் பொதுமக்களுக்குச் சொல்லும்போது. அங்கே ‘கிருமித் தாக்கம்’ என்று எழுதி, ‘மற்றவருக்கு ஒட்டாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

## பரவும் நோய்

சொல்லில் கவர்ச்சி எதுவும் இல்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கும். தண்ணீர், கொசு, காற்று, கை எது வழியாக வந்தாலும் பொய்யாகாது. ‘நீரால் பரவும் நோய்’, ‘கொசுவால் பரவும் நோய்’ என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டவைத்தால் வழியும் தெரிந்துவிடும். வழி தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: தண்ணீரைக் கொதிக்க வை, தேங்கிய நீரைக் கொட்டு, சன்னலைத் திற. வாந்திபேதி கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அது ஒரு தெருக் குழாயின் தண்ணீரால் பரவுகிறது என்று காட்டினார். ‘எதனால் பரவுகிறது’ என்ற ஒரு சொல் மாறியதில் கைப்பிடியைக் கழற்ற வேண்டிய குழாய் எது என்று தெரிந்தது.

குறைகளும் உண்டு. புற்றுநோயும் உடலுக்குள் ‘பரவுகிறது’. மருத்துவர் “பரவிவிட்டது” என்று சொன்னதைக் கேட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கு வந்துவிடுமோ என்று கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், எதிர்ச்சொல் சுகப்படாது: ‘பரவா நோய்’ என்றால் பாதிப் பேருக்குப் ‘பரவாயில்லை’தான் ஞாபகம் வரும்.

## ஒட்டுவாரொட்டி

நெருங்கி ஒட்டுகிறவர்மேல் ஒட்டிக்கொள்வது. சொல்லே விளக்கம். தொட்டால் வரும் நோய்க்கு இதைவிடத் துல்லியமான சொல் தமிழில் இல்லை என்பது என் கட்சி. சொறி, சிரங்கு, கண்வலி எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தும். சிரங்கு விஷயத்தில் இன்னும் பொருத்தம், ஏனென்றால் சொறிச் சிரங்கு தோலுக்குள் வளை தோண்டும் ஒரு சிறு பூச்சியால் வருவது; ‘கிருமித் தொற்று’ என்பதைவிட ‘ஒட்டிக்கொண்டது’ என்பதுதான் அங்கே உண்மைக்குப் பக்கம்.

ஆனால் செலவு பெரிது. இந்தச் சொல்லை நோயைவிட மனிதர்மேல்தான் அதிகம் எறிகிறார்கள். சும்மா கூடவே சுற்றுகிறவனையும் அப்படித்தான் சொல்வார்கள். தொழுநோய் அனுபவித்ததும் இதுதான். பெரும்பாலான மனிதர்களின் உடம்பு அந்தக் கிருமியைத் தானாகவே எதிர்த்துவிடும். கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியதும் நோயாளியிடமிருந்து பரவுவதும் விரைவில் நின்றுவிடும். அப்படி மெதுவாகவும் அரிதாகவும் பரவும் நோயைத்தான் எல்லாவற்றையும்விட ‘ஒட்டக்கூடியது’ என்று பயந்து, மனிதரை ஊருக்கு வெளியே வைத்தார்கள். ‘குட்டம்’, ‘பெருவியாதி’ போய்த் ‘தொழுநோய்’ நிலைத்தது நல்லதுதான். பெயர் மாறிய வேகத்தில் பயம் மாறவில்லை.

எழுத்தில் இதை நான் பெயர்ச்சொல்லாகப் போடுவதில்லை. வினையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ‘தொட்டால் ஒட்டும்’, ‘ஒட்டாது’. மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

## கொள்ளைநோய்

இங்கே கொஞ்சம் நின்று போகலாம். ‘கொள்ளை’ என்றால் சூறையாடல். ‘கொள்ளை அழகு’ என்னும்போது மிகுதி. பழைய வழக்கில் ‘பெருவாரி’ என்ற சொல்லும் இப்படித்தான்: ‘பெருவாரியாக வந்தார்கள்’ என்றால் திரளாக, ‘பெருவாரி நோய்’ என்றால் ஊரையே வாரிக்கொண்டு போவது. இரண்டு சொல்லிலும் கிருமி இல்லை, தொடுதல் இல்லை. எண்ணிக்கைதான் இருக்கிறது. வழியை அறியாத காலத்து மனிதர்கள் கண்ணால் பார்த்ததைப் பெயராக வைத்தார்கள்: வந்தது, வாரிக்கொண்டு போனது.

அந்த நினைவு வசையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘கொள்ளையில போவான்’, ‘பேதியில போவான்’ என்று திட்டும் பாட்டிகள் பிளேக்கையும் காலராவையும்தான் துணைக்கு அழைக்கிறார்கள். தெரிந்து அழைப்பவர் குறைவு.

இன்றைக்கு இந்தச் சொல்லின் வேலை என்ன? ‘எபிடெமிக்’ என்பதற்கு நேராக இதையே வைப்பவர்கள் உண்டு. ஓர் இடத்தில் வழக்கமாக வரும் அளவைவிட நோய் திடீரென்று கூடுவதுதான் அங்கே பொருள். செத்தவர் கணக்கு அதில் இல்லை. ‘கொள்ளைநோய்’ என்றாலோ பிணங்கள் கண்முன் வந்துவிடும். விவிலியத் தமிழ் பஞ்சத்தோடும் பூகம்பத்தோடும் சேர்த்துச் சொல்வது கொள்ளைநோயைத்தான். அந்தப் பாரம் சொல்லோடு ஒட்டியே வருகிறது. ஒரு விடுதியில் இருபது பேருக்குக் கண்வலி வந்ததைக் ‘கொள்ளைநோய்’ என்றால் கேலியாகிவிடும். அதற்கு ‘நோய்ப்பரவல்’ போதும், ‘திடீர்ப் பரவல்’ இன்னும் நல்லது.

பம்பாயில் 1896-இல் பிளேக் பரவியதை அடுத்து 1897-இல் வந்த இந்தியச் சட்டத்தைத் தமிழில் சிலர் ‘தொற்றுநோய்ச் சட்டம்’ என்கிறார்கள், சிலர் ‘கொள்ளைநோய்ச் சட்டம்’ என்கிறார்கள். படிப்பவர் இரண்டு சட்டம் என்று நினைத்தால் ஆச்சரியமில்லை. மூலத் தலைப்பில் இருப்பது ‘எபிடெமிக்’தான், ஆகவே இரண்டாவது நெருக்கம். எதை எடுத்தாலும் ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல்: பழைய நூல்களில் ‘கொள்ளைநோய்’ பிளேக்கை மட்டும் குறிக்கும் இடமும் உண்டு, எந்தப் பெருஞ்சாவு நோயையும் குறிக்கும் இடமும் உண்டு. எலி, நெறிக்கட்டி பற்றிப் பேச்சு வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பொன்னான சொல்: 1918-19 இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதைச் சொல்ல ‘நோய்ப்பரவல்’ போதாது. நாளைக்கு எழுதப்போகும் சுகாதார அறிவிப்புக்கு மட்டும் வேண்டாம்.

## பெருந்தொற்று

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19-ஐ ‘பாண்டெமிக்’ என்று சொன்னது. அடுத்த சில வாரங்களில் தமிழில் ‘பெருந்தொற்று’ வேர்பிடித்துவிட்டது. போட்டிக்கு ‘உலகம்பரவுநோய்’ இருந்தது. பொருளில் அதுதான் துல்லியம், ஏனென்றால் ‘பாண்டெமிக்’ சொல்வது பரப்பை. ஆனால் ஏழு எழுத்து தாண்டினால் வாய் ஒத்துழைக்காது.

‘பெரு’ என்பதில்தான் குறை. அது கடுமையையும் சொல்வதுபோல் இருக்கிறது. 2009-இல் பரவிய எச்1என்1 காய்ச்சலும் இதே வகையில்தான் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலானவர்களுக்கு அது லேசாக வந்துபோனது. பெருந்தொற்று என்றால் பெரிய ஆபத்து என்று பொருள் கொண்டவர் அப்போது ஏமாற்றப்பட்டதாக நினைத்திருப்பார். ‘உலகப் பெருந்தொற்று’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். கூடவே ஒரு திருத்தம்: 2023 மே 5-இல் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது கொவிட்டுக்கான அவசரநிலை. ‘பெருந்தொற்று முடிந்தது’ என்று பலர் எழுதினார்கள், அறிவிப்பு அதுவல்ல.

## ஒரே பார்வையில்

| சொல் | எதைக் காட்டுகிறது | புழக்கம் | மறைவான செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| தொற்றுநோய் | தாவுவதை (சில நேரம் உள்ளே புகுவதை) | எல்லோருக்கும் தெரியும் | ஒட்டாததையும் ஒட்டும் என நினைக்க வைக்கும் | பாடநூல், பொதுக் கட்டுரை |
| பரவும் நோய் | எந்த வழியையும் | எளிது | புற்றுநோய்ப் பரவலோடு குழப்பம் | அறிவிப்பு, துண்டறிக்கை |
| ஒட்டுவாரொட்டி | தொடுவதால் வருவதை | பேச்சில் | வசையாகிவிடும் | வினையாக மட்டும்: ஒட்டும், ஒட்டாது |
| கொள்ளைநோய் | எண்ணிக்கை, சாவு | எழுத்தில் | பீதி. பிளேக்கா, பொதுவா என்ற ஐயம் | வரலாறு |
| பெருந்தொற்று | பரப்பு | 2020-க்குப் பின் எங்கும் | கடுமை என்று தோன்றும் | ‘உலக’ என்ற முன்னொட்டோடு |

## நோயின் சொந்தப் பெயர் தெரிந்தால்?

அப்போது வகைப்பெயரே வேண்டாம். பெயரைச் சொல்லிவிடுங்கள். ஆனால் எந்தப் பெயரை?

தமிழில் ‘அம்மை’ ஒரு பெரிய குடும்பம். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை, இப்போது குரங்கம்மை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் நோயும் ஒன்றுபோல் என்று தோன்றும். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்ததாக 1980-இல் அறிவித்தாகிவிட்டது. புட்டாளம்மையில் கொப்புளமே கிடையாது, கன்னத்துக்குக் கீழே வீங்கும். ‘பொன்னுக்கு வீங்கி’ என்பதும் அதுவே. தட்டம்மையோ நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை காற்றில் தங்கி இன்னொருவரைப் பிடிக்கும். குரங்கம்மைக்கு நெருங்கிய தொடர்பு வேண்டும். ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் எவ்வளவு தூரம் விலகி இருப்பது என்றே தெரியாது.

இலங்கையில் இந்தக் குழப்பம் குறைவு. சின்னம்மை அங்கே கொப்புளிப்பான், தட்டம்மை சின்னமுத்து, பொன்னுக்கு வீங்கி கூகைக்கட்டு, டைபாய்டு நெருப்புக் காய்ச்சல், கக்குவான் இருமல் குக்கல். ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. இரண்டு கரைக்கும் போகும் எழுத்தென்றால் இரண்டு பெயரையும் போட்டுவிடுங்கள். ‘சின்னம்மை’யும் ‘சின்னமுத்து’வும் ஒன்று என்று நினைத்து ஒரு கையேட்டையே தப்பாக அச்சடிக்கப் பார்த்தவன் நான்.

‘விஷக் காய்ச்சல்’, ‘மர்மக் காய்ச்சல்’ இரண்டையும் தொடவே தொடாதீர்கள். முதலாவது வீட்டுக்கு வீடு ஒரு நோயைக் குறிக்கும். இரண்டாவது குறிப்பது, இன்னும் பரிசோதனை முடிவு வரவில்லை என்பதை மட்டுமே.

ஊர், விலங்கு, மனிதர் பெயரில் புதிய நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. காரணம் இருக்கிறது. 2009-இல் ‘பன்றிக் காய்ச்சல்’ என்ற பெயர் பரவியதும் எகிப்து தன் நாட்டுப் பன்றிகளைக் கொன்று குவிக்க உத்தரவிட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்த நோய் அது. 2022-இல் குரங்கம்மைக்கும் ஆங்கிலத்தில் ‘எம்பாக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். தமிழில் குரங்கு இன்னும் இறங்கவில்லை. ‘எம்பாக்ஸ்’ என்று எழுதி, முதல் தடவை மட்டும் பழைய பெயரைச் சுட்டுவது என் வழக்கம்.

## விலகி இருப்பதைச் சொல்லும் சொற்கள்

நோய் வந்தவரைப் பிரித்து வைப்பது வேறு. வந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறவரைக் காத்திருக்க வைப்பது வேறு. இரண்டுக்கும் தமிழில் ‘தனிமைப்படுத்தல்’தான். இரண்டாவதை, அதாவது ‘குவாரண்டைன்’ என்பதை, இத்தாலிய மொழியில் ‘நாற்பது’ என்ற எண்ணிலிருந்து பெயரிட்டார்கள், கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்த நாள் கணக்கு அது. ராகுசா (இன்றைய குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்) துறைமுக நகரம் 1377-இல் தொடங்கியபோது 30 நாள்தான். இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் முதலாவதற்கு ‘தனிமைப்படுத்தல்’, இரண்டாவதற்கு ‘கண்காணிப்புக் காத்திருப்பு’ என்று எழுதுகிறேன். நீளம்தான். ஆனால் ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரை நோயாளி ஆக்கிவிடாது.

‘சமூக இடைவெளி’ பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: வேண்டாம். தீண்டாமையை அனுபவித்த சமூகத்தில் ‘சமூக விலகல்’ என்பது ஏற்கெனவே ஒரு பொருளுள்ள சொல். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் ‘உடல் இடைவெளி’ என்ற பொருள்படும் தொடருக்கு மாறிவிட்டது. ‘தனிமனித இடைவெளி’ என்பதும் நல்ல சொல். அதைவிட நல்லது, ‘ஆறடி தள்ளி நில்லுங்கள்’.

## இரண்டு கேள்விக்கும் கொடுத்த பதில்

நண்பரின் மூன்று சொற்களுக்கு ‘தொற்றும் நோய்’, ‘நோய்ப்பரவல்’, ‘உலகப் பெருந்தொற்று’ என்று எழுதிக் கொடுத்தேன். முதலாவதில் ஒரு ‘ம்’ கூடியதற்கு ஏன் என்று கேட்டார். நோயின் குணத்தை வினையாகச் சொன்னால் அடுத்த வரியிலேயே ‘இது தொற்றாது’ என்றும் எழுதலாம், பெயராக வைத்துவிட்டால் திரும்ப வர முடியாது என்றேன். ஏற்றுக்கொண்டார், பாதி மனதோடு.

ஆசிரியையின் சுற்றறிக்கை கடைசியில் இப்படி முடிந்தது: “நம் பள்ளியில் இரண்டு மாணவர்களுக்குத் தட்டம்மை (மணல்வாரி) வந்திருக்கிறது. இது காற்று வழியாக எளிதில் தொற்றும். உங்கள் பிள்ளைக்கு இதற்கான தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். காய்ச்சலோடு உடலில் தடிப்பு கண்டால் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். மருத்துவரிடம் போகும் முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தடிப்பு தோன்றி நான்கு நாள் கழிந்தபின் பிள்ளை தேறியிருந்தால் வரலாம்.”

தொற்றுநோய், பரவும் நோய் இரண்டுமே அதில் இல்லை என்பதை அனுப்பிய பிறகுதான் அவர் கவனித்தார். அன்று மாலை வந்த முதல் அழைப்பு, மணல்வாரி என்பதும் சின்னம்மை என்பதும் ஒன்றுதானா என்று கேட்ட ஒரு தாத்தாவிடமிருந்து.